மிகுந்த அக்கறை

அலுவலகம் துப்புரவு செய்கிறவளுக்கு நாட்டு நிலவரம் செய்தியில் வருவதற்கு முதலே வாசற்கதவில் தெரிந்துவிடும்.

நான் குடியேறிய இந்த வெள்ளைக்கார நாட்டில், பரமட்டா என்ற ஊரில், ஒரு எம்.பி.யின் அலுவலகத்தை நான்கு வருடமாகத் துடைத்து வந்தேன். விடிய ஐந்தரைக்கு வேலை. குளிர்காலத்தில் அந்நேரம் கும்மிருட்டு. ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிடம் தனியே நடக்க வேண்டும். முகத்தை மூடிக்கொண்டு கறுப்பு உடுப்போடு வெள்ளை இனவெறிக் கூட்டமொன்று ஊர்வலம் போனதை டிவியில் பார்த்த நாளிலிருந்து அந்தப் பத்து நிமிடம் எனக்கு ஒரு மணித்தியாலம். வேலையை ஏழு மணிக்கு மாற்றித் தரச் சொல்லித் துப்புரவுக் கம்பனியில் கேட்டிருந்தேன். இருட்டில் வேலைக்குப் போகிற உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்து உங்களுக்கும் கழுத்து வலிக்கும்.

கலியாண அல்பம்

முதலாவது ஒட்டுத்தாளைக் கண்டது ஒரு திங்கட்கிழமை. எம்.பி.யின் பெயருக்குக் கீழே, கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். 'வெள்ளை' என்ற சொல்லும், பழைய யுத்தப் படங்களில் வருகிற அந்தக் குறியும் போதுமாக இருந்தன.

மேற்பார்வையாளர் யோகனுக்குப் போன் எடுத்தேன். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள்தான். படமெடுத்து வைக்கட்டா, பொலிசுக்குச் சொல்வார்களா என்று கேட்டேன். கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னார்: "அக்கா, யூகலிப்டஸ் எண்ணெயைப் பூசி உரிச்சுப் போட்டுப் போங்கோ. படமெடுத்து என்ன செய்யப் போறியள், கலியாண அல்பமா?"

பளிச்

அதற்குப் பிறகு கிழமைக்கு ஒன்றிரண்டு என்று வந்துகொண்டே இருந்தது. ஏழு மணிக்கு மாற்றுவதற்குக் காரணமாக 'சம்பவம்' ஏதாவது பதிவில் இருக்க வேண்டும் என்று கம்பனியில் சொல்லிவிட்டார்கள். சம்பவத்தை எல்லாம் நானே சுரண்டிக் குப்பைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் எம்.பி. நேரத்தோடு வந்துவிட்டார். அன்றைக்கு அவருக்கு ரேடியோவில் விவாதம் இருந்தது. எதிர்க்கட்சிக்காரி, "இந்தக் கூட்டத்தின் பெயரைச் சொல்லிக் கண்டிக்க ஏன் உங்கள் தலைவருக்கு வாய் வரவில்லை?" என்று முதல்நாள் கேட்டிருந்தாளாம். பெயர் சொன்னால் அவர்களுக்கு விளம்பரம், 'எல்லாவிதத் தீவிரவாதத்தையும்' என்று பொதுவாகச் சொல்லுங்கள் என்று உதவியாளர் சொல்லிக் கொடுத்தார். "எங்கள் அலுவலகத்துக்கே இதுவரை ஒரு தொல்லையும் வரவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றார்.

வாளியை வைத்துவிட்டுப் போய் நின்றேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "சேர், ஒட்டுத்தாள் வாறது. நான்தான் எடுக்கிறனான். இதுவரை பதினொன்று" என்றேன். எம்.பி. நல்ல மனிதர், எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "அற்புதமான வேலை செய்கிறீர்கள், எங்கள் கதவு எப்போதும் பளிச்சென்று இருக்கிறது."

ஒரே சொல்தானே

விவாதம் சூடாகியதும் எல்லாச் சமூகங்களுக்கும் அவரவர் மொழியில் துண்டுப்பிரசுரம் அடித்தார்கள். தமிழ் கட்டு வந்ததும், வரவேற்பில் இருக்கும் கிளேர் ஒன்றை ஆசையாக என்னிடம் நீட்டினாள். கம்ப்யூட்டர் மொழிபெயர்த்ததாம். முதல் வரி இப்படி இருந்தது: 'வெள்ளை இனவெறியர்கள் மீது எமது தலைவர் மிகுந்த அக்கறை கொண்டுள்ளார்.'

கவலை என்று வரவேண்டிய இடம். அக்கறை என்பது தாய் பிள்ளைமேல் வைப்பது என்று, குழந்தையைத் தாலாட்டுவதுபோல் கையை ஆட்டியும் காட்டினேன். கிளேருக்கு முகம் வாடிவிட்டது. "ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'கன்சேர்ன்' என்ற ஒரே சொல்தானே" என்றாள். கட்டு ஏற்கெனவே தமிழர்கள் நிறைய இருக்கிற ஸ்ட்ராத்ஃபீல்டுக்குப் போய்விட்டிருந்தது.

மேல்மாடியைத் துடைக்கும் கலா மதுரைக்காரி. மத்தியானம் ரயிலில் அவளுக்கு அதைக் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தாள். சிரிக்கவில்லை. "இதுல என்னக்கா தப்பு? ஒரு வார்த்தை திட்ட மனசு வரலைன்னா, அது அக்கறைதானே?"

பதிவு

ஆடி மாதம் ஒரு விடியற்காலையில் கதவடியில் ஒருவன் நின்றான். முகமூடி இல்லை. வங்கியில் வேலை செய்கிறவனைப்போல இஸ்திரி போட்ட சட்டை. ஒட்டிய தாளைக் கைமுட்டியால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தவன், நான் கிட்ட வந்ததும் கண்ணியமாக விலகி வழி விட்டான். "அதை உரிக்காதே, உனக்காகத்தான் ஒட்டினேன்" என்றான். ஓடவில்லை, நடந்துதான் போனான். அந்தத் தாளைத்தான் முதன்முதலாக முழுதும் வாசித்தேன். 'இங்கிருந்து போய்விடு' என்று இருந்தது.

அன்றைக்கு எல்லாம் நடந்தது. பொலிஸ் வந்தது, படிவம் நிரப்பினார்கள், கிளேர் தேத்தண்ணீர் போட்டுத் தந்து என்னோடு அழுதாள். எம்.பி. பாராளுமன்றத்தில் இதைப் பற்றிப் பேசப்போவதாகச் சொன்னார். சம்பவம் பதிவில் ஏறிவிட்டது, இனி ஏழு மணி கிடைக்கும் என்ற நினைப்போடு வீட்டுக்குப் போய்ச் சோறு சமைத்தேன்.

வியாழக்கிழமை யோகன் போன் எடுத்தார். குரல் கனிவாக இருந்தது. "அக்கா, உங்கட பாதுகாப்புக்காக உங்களை அந்தக் கட்டடத்திலயிருந்து எடுத்திட்டினம். இப்போதைக்கு வேற இடம் இல்லை, வந்தால் சொல்லுறன்."

போய்விடு என்று ஒட்டினவன் யாரென்று இன்னும் பிடிபடவில்லை, ஆனால் அவன் கேட்டதை மிகுந்த மரியாதையோடு செய்து முடித்தவர்கள் எல்லோரும் அவனைக் கண்டிக்கிறவர்கள்தான்.