பின் சீட் இல்லாத கார்

சந்திரமதி அக்காவுக்கு வெகுகாலமாக ஒரே ஆசை. பின் சீட் இல்லாத கார் வேண்டும்.

எங்கள் தாமான் குடியிருப்புப் பிள்ளைகளை கூலாய் நகரப் பள்ளிகளுக்கு ஏற்றி இறக்குபவர் அவர்தான். விடியுமுன் வேனை எடுத்தால் பின்னால் ஒரே கூச்சல். ஒருவன் பென்சில் பெட்டியைக் காணோம் என்பான், ஒருத்தி வாந்தி எடுப்பாள். "எனக்குன்னு ஒரு கார் வாங்குனா பின்னால சீட்டே இருக்கக் கூடாது. ரெண்டே சீட்டு. கூரையத் தொறக்கணும். செவப்பு கலரு," என்பார். நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார்.

கடைசி மகளும் வேலைக்குப் போன கையோடு, அந்தக் கார் கிடைத்தேவிட்டது. ஸ்கூடாயில் பழைய கார் விற்கும் தீபன் படம் அனுப்பினான். ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார், இரண்டு சீட், திறக்கும் கூரை, சிவப்பு. அன்று முழுக்க அக்காவுக்குக் கால் தரையில் படவில்லை.

சனிக்கிழமை அவரும் கணவர் காளிதாஸ் அண்ணனும் அந்தப் பள்ளி வேனிலேயே கிளம்பிப் போனார்கள். தீபன் வாயைத் திறப்பதற்குள் அக்கா காருக்கு அடியில் படுத்துவிட்டார். எண்ணெய் கசிகிறதா, துரு ஏறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். டயர்களைத் தடவினார். கூரையை மூடித் திறந்து, மறுபடி மூடித் திறந்தார். ஒரு தடவை பார்த்தால் போதும், ஆசை விட்டால்தானே!

"ஓட்டிப் பாருங்க லா அக்கா. அண்ணனையும் ஏத்திக்குங்க, வேன் இங்கயே நிக்கட்டும்," என்று சாவியைக் கொடுத்தான் தீபன். "ஆனா சாயந்தரம் சிங்கப்பூர்ல வேல செய்ற ஒருத்தரு பாக்க வர்றாரு. அதுக்குள்ள சொல்லிடுங்க."

நெடுஞ்சாலையில் ஏறியதும் அக்கா கூரையைத் திறந்துவிட்டார். பிள்ளைகளை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் அடக்கி அடக்கி மிதித்த கால், அன்றுதான் மனசார அழுத்தியது. காற்று முகத்தில் அறைந்தது. இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் பின்னால் ஓடின. கியர் மாற்றும்போதெல்லாம் எஞ்சின் உறுமியது. அக்கா அதைவிடச் சத்தமாகச் சிரித்தாராம்.

"மதி, நீ இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல," என்று அண்ணன் கதவை இறுகப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

"அலமாக், பேசாதீங்க! எஞ்சின் சத்தம் கேக்கல!"

வாங்குவது என்று அங்கேயே முடிவாகிவிட்டது. எங்களிடம் காட்டிவிட்டுப் போகலாம் என்று காரைத் தாமானுக்குத் திருப்பினார். அங்கேதான் வினை.

எங்கள் தாமான் நுழைவாயிலில் ஒரு வேகத்தடை இருக்கிறது. லேசான மேடில்லை. மோட்டார் சைக்கிள் பையன்கள் பறக்கிறார்கள், பிள்ளைகள் நடக்கிற ரோடு என்று நகராண்மைக் கழகத்துக்கு நடையாய் நடந்து, வேலை நடந்த அன்று கூடவே நின்று, "இன்னும் ஒசத்துங்க" என்று போட வைத்தவர் சாட்சாத் சந்திரமதி அக்காதான். அதில் ஏறி இறங்கியே என் முதுகு போனது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

எதிர்த் தேநீர்க் கடையில் நான் தே குடித்துக்கொண்டிருந்தேன். சிவப்புக் கார் மினுங்கிக்கொண்டு வந்தது. முன் சக்கரம் மேட்டைத் தாண்டியது. உடனே காரின் அடிவயிற்றில் 'கர்ர்ர்' என்று ஓர் உரசல். கடையே எழுந்து நின்றது. அக்கா பின்னால் எடுத்து, குறுக்காக ஏற்றிப் பார்த்தார். மறுபடி கர்ர்ர்.

"இன்னும் கொஞ்சம் ஒசத்தச் சொல்லலாமா அக்கா?" என்று கேட்டேன். என் வாய் சும்மா இருக்காது.

மற்ற நாளென்றால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பேன். அன்று அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "வீட்டுக்கே வராத கார வாங்கி என்னங்க செய்யறது?" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு ஏன்தான் வாயைத் திறந்தோமோ என்றாகிவிட்டது.

காளிதாஸ் அண்ணன் பெல்ட்டைக் கழற்றினார். நல்ல கனத்த உடம்பு. கதவில் ஒரு கை, ரோட்டில் ஒரு கை ஊன்றி, முக்கி முனகி வெளியே வந்தார். "இப்ப ஏத்து," என்றார்.

ஆள் இறங்கியதும் கார் சற்று எழும்பியது. அக்கா குறுக்காக, மெல்ல ஏற்றினார். சத்தமே இல்லை. கார் அந்தப் பக்கம் இறங்கியதும் நாங்கள் கைதட்டிய தட்டில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப நீங்க? தெனமும் இப்படி எறங்கி நடப்பீங்களா?"

"நடக்கிறேன் லா! டாக்டரும் அதத்தானே சொல்றாரு? காரத் திருப்பு, சிங்கப்பூர்க்காரன் வந்துறப் போறான்!"

வாங்கிவிட்டார்கள். இப்போது மாலையானால் தாமான்வாசிகள் எல்லாருக்கும் இது வேடிக்கை. மேட்டுக்கு முன்னால் சிவப்புக் கார் நிற்கும். அண்ணன் முக்கி முனகி இறங்குவார். அக்கா தனியாகத் தாண்டிப் போய் நிறுத்துவார். அங்கிருந்து மூன்றாவது வீடுதான் அவர்களுடையது. ஆனாலும் அண்ணன் ஆடி அசைந்து நடந்து வரும்வரை காத்திருந்து, கதவைத் திறந்து, பக்கத்தில் ஏற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போகிறார்.