மஞ்சள் துணிக்கு நோட்டுக் கொடுத்தவர்

"பெரியவரே, ஒங்க கணக்க சைபர் கிரைம் போலீஸ் முடக்கி வச்சிருக்கு. ஏதோ ஃபிராடுப் பணம் வாங்கியிருக்கீங்க."

வங்கி அதிகாரி ஞானசீலன் இதைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் விருமாண்டியின் கடையில் தேங்காய் வாங்கியவர்கள். முன்னால் நின்ற ஒருத்தி கைப்பையை அவர் இல்லாத பக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அதை விருமாண்டி பார்த்தார். பக்கத்தில் நின்ற அவருடைய மகள் முத்துமீனாவும் பார்த்தாள்.

விருமாண்டிக்கு அழகர்கோவிலில் கடை. பதினெட்டாம்படிக் கருப்பசாமி சந்நிதிக்குப் போகும் வழியில் தேங்காய், பழம், சூடம், சந்தனம் விற்றார். மனைவி இறந்த பிறகு பக்கத்து ஊரான அப்பன்திருப்பதி வீட்டில் ஒற்றை ஆள். மகளைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தார். அவள் மதுரையில் ஒரு கம்பெனியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறாள். "எம் மக மிசினுக்கு வைத்தியம் பாக்குறா" என்பார் கேட்கிறவர்களிடம்.

கருப்புக்கு நேர்ந்த காணிக்கையை மஞ்சள் துணியில் முடிந்து உண்டியலில் போடுவது அந்தப் பக்கத்து வழக்கம். துணியில் நோட்டைத்தான் முடிய முடியும், போனை முடிய முடியாது. இப்போதோ வருகிறவர்கள் பலரிடம் நோட்டு இருப்பதில்லை. அவர்கள் விருமாண்டியின் கடை அட்டையை ஸ்கேன் செய்து பணம் அனுப்புவார்கள். அவர் துணியும் நோட்டும் கொடுப்பார். துணிக்குத்தான் விலை, நோட்டுக்குக் கமிஷன் கிடையாது. சாமிக்குப் போகிற காசை இல்லையென்று சொல்லக் கூடாது என்பது அவர் கட்சி.

"யாரு எவருன்னு தெரியாமக் குடுக்குறீங்களேப்பா" என்று மகள் ஒருமுறை கேட்டாள்.

"பொய் சொல்றவன் கருப்பு வாசலப் பாத்துக்கிட்டு நின்னு சொல்ல மாட்டான் ஆத்தா" என்றார்.

ஆடிப் பௌர்ணமிக் கூட்டத்தில் ஒருவன் அதே வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றுதான் சொன்னான். நெற்றி நிறையச் சந்தனம். அம்மாவுக்கு உடம்பு தேறினால் நாலாயிரம் முடிந்து போடுவதாக நேர்ந்திருக்கிறானாம். அனுப்பினான், நோட்டை வாங்கினான், குனிந்து கும்பிட்டுவிட்டுப் போனான். ஆவணியில் கணக்கு முடங்கியது.

முத்துமீனா விவரம் தேடி எடுத்தாள். எங்கோ வடக்கே ஒரு பெண்மணியைப் போனில் மிரட்டிப் பறித்த பணம். அது கணக்கு விட்டுக் கணக்கு தாவி வந்திருந்தது. பணம் வந்த பாதையை அவள் காகிதத்தில் கோடு போட்டு அப்பாவிடம் காட்டினாள். கோடு அவர் பெயரில் வந்து நின்றது. அதற்கப்புறம் நோட்டு, நோட்டுக்குத் தடம் இல்லை. தடம் எங்கே முடிகிறதோ அங்கே இருக்கிறவன்தான் திருடன். மிசினுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதைப் பார்த்து உத்தரவு போட்டவனுக்கும் அதற்கு மேல் தெரியவில்லை.

அந்த ஊர் போலீஸ்காரர் பல நாள் போனை எடுக்கவில்லை. எடுத்த அன்று இந்தியிலேயே பேசினார். அவள் ஆங்கிலத்தில் கேட்டதற்கு இரண்டே வழி சொன்னார்: நாலாயிரத்தைத் திருப்பிக் கட்டு, அல்லது கணக்குக்காரரை நேரில் கொண்டு வா.

"கட்டிருவோம்ப்பா. கடைச் சரக்குப் பணம், ஒங்க சேமிப்பு எல்லாம் அதுக்குள்ளதான் மாட்டிக் கெடக்கு."

"எதுக்குக் கட்டணும்? எடுத்தவன்தான குடுக்கணும். நான் கட்டுனா நான் எடுத்ததா ஆயிரும்ல?"

"அவங்களுக்கு அதெல்லாம் கணக்கில்ல. ஒரு ரெக்கார்டு, அம்புட்டுதான்."

"ஒனக்கும் அம்புட்டுதானா?" என்று கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள், "அந்தப் போலீசு இங்கன வரட்டும். கருப்பு வாசல்ல சூடம் பொருத்தி நான் சத்தியம் பண்றேன். அப்பறமும் திருடன்னு சொல்லட்டும், பாப்போம்" என்றார்.

"கருப்பு சாட்சி சொன்னா அவருக்கு ஆதார் இருக்கான்னு கேப்பாய்ங்கப்பா."

விருமாண்டி எழுந்து உள்ளே போனார். அதற்குப் பிறகு மகளிடம் சாப்பிட்டியா, பஸ் கிடைச்சதா என்பதற்கு மேல் பேசவில்லை.

கடைவீதி பேசியது. விருமாண்டி கணக்கிலிருந்து பணம் வாங்கியவர்களின் கணக்கும் முடங்கும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். தேங்காய் மண்டி முத்திருளன் வருடக்கணக்காகச் சரக்குப் போட்டவர், தம்பி முறை. அவர் கடைக்கே வந்து நின்றார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீக. இந்த வாரத்துலருந்து வண்டி இந்தப் பக்கம் வராது."

"நோட்டாத் தாரேன்டா."

"நோட்டு மட்டும் எங்கருந்து வருதுன்னு எனக்கென்ன தெரியும்?"

முத்துமீனா அன்று கடையில் இருந்தாள். அப்பா ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் தேங்காய் நாரை உரித்துக்கொண்டே இருந்தார். முத்திருளன் போன பிறகு, உரித்த காயை மறுபடி கையில் எடுத்து, அதில் நார் தேடினார்.

அதற்கப்புறம் மதுரைக்குப் போய் மூட்டையை பஸ்ஸில் போட்டுத் தானே கொண்டுவந்தார். ஆட்டோ பிடிக்கச் சொல்லி மகள் கொடுத்த பணத்தை வாங்கவில்லை. ஐப்பசி மழையில் ஒரு நாள் கோவில் பஸ் நிறுத்தத்தில் மூட்டையை இறக்கியவர் அதன் மேலேயே உட்கார்ந்தார். சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். மகள் அதை நம்பவில்லை. நம்பாததற்கு அவளிடம் சான்று எதுவும் இல்லை.

முத்திருளன் பெரிய ரோஜா மாலையோடு வந்தார். முத்துமீனா வாசலிலேயே மறித்தாள்.

"உள்ள வராதீக சித்தப்பா. அப்பாவத் தொட்டா ஒங்க கணக்கும் முடங்கிரும்."

"என்ன பேச்சும்மா பேசுற, எழவு வீட்ல?"

"மால எந்தக் காசுல வாங்குனீக? அது எங்கருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுல்ல?"

பெரியவர்கள் அவளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். மாலை உடம்புக்கு வரவில்லை.

காரியம் முடிந்ததும் இறப்புச் சான்றிதழோடு வங்கிக்குப் போனாள். ஞானசீலன் இந்தத் தடவை நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். குரலும் இறங்கியிருந்தது.

"நானே போலீசுக்கு மெயில் போட்டுப் பேசிட்டேம்மா. அந்த நாலாயிரத்த மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்த விடச் சொல்லிட்டாங்க. நீ வாரிசுன்னு இதுல ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

அவள் வாசித்தாள். 'இறந்த கணக்குதாரர் பெற்ற மோசடித் தொகையைத் திருப்பி அளிக்கச் சம்மதிக்கிறேன்' என்று அச்சடித்திருந்தது. மறுபடியும் வாசித்தாள்.

"இந்த வார்த்தைய எடுங்க சார்."

"எதை?"

"எங்கப்பா மோசடிப் பணம் வாங்குனாருங்குறத."

"அது டெம்ப்ளேட்மா. எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் வரும். மாத்த முடியாது."

"டெம்ப்ளேட்ட எப்படி மாத்துறதுன்னு நான் சொல்லித் தாரேன். தள்ளி உக்காருங்க."

அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

"பாரும்மா, ஆளே போயாச்சு. நீ கையெழுத்துப் போட்டா கேசு தன்னால முடிஞ்சிரும். ஒருத்தரும் கேக்கப் போறதில்ல."

"அவரு கேட்டாரு சார். கட்டுனா எடுத்ததா ஆயிரும்ல, அப்படின்னு எங்கிட்டதான் கேட்டாரு."

"நாலாயிரத்துக்காக மிச்சம் அம்புட்டையும் விடப் போறியா? புத்தியா நடந்துக்க."

"அவரு எடுக்கலைன்னு எழுதிக் குடுங்க. நாலாயிரம் என்ன, நாப்பதாயிரம் எடுத்துக்கங்க."

"அத நான் எப்படி எழுத முடியும்?"

"எடுத்தாருன்னு மட்டும் எழுத முடியுதுல்ல?"

அவள் கையெழுத்துப் போடாமல் காகிதத்தை அவர் பக்கம் தள்ளினாள். அங்கிருந்து நேராக மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு வக்கீலிடம் போனாள். முடக்கத்தை நீக்கச் சொல்லி ஹைகோர்ட் கிளையில் மனுப் போட்டால் சீக்கிரம் பணம் கிடைக்கும் என்றார் அவர். பணத்தைக் கடைசியில் கேளுங்கள், குற்றத்திலிருந்து அப்பா பெயரை நீக்குவதை முதலில் கேளுங்கள் என்றாள். அப்படிக் கேட்டால் இழுக்கும், வருஷக் கணக்கில் கூட ஆகும் என்றார். இழுக்கட்டும் என்றாள். முதல் பத்தியை அவளே தட்டச்சு செய்தாள்: என் தந்தை விருமாண்டி இந்தக் குற்றத்தைச் செய்யவில்லை.

மனு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. கணக்கு முடங்கியேதான் கிடக்கிறது. ஃபைலை மாதக் கடைசிக்குள் மூட வேண்டும் என்று ஞானசீலன் போன் மேல் போன் போடுகிறார். அவள் எடுப்பதில்லை.