ஹசின்தா கடித்துப் பார்க்காத கல்

எங்கள் சந்தையில் கல்லுரல் வாங்க வருகிறவர்கள் கல் கடைக்குப் போகும் முன் ஹசின்தாவிடம் வருவார்கள். அவள் விற்பது பச்சைத் தக்காளி. கல் பார்த்துச் சொல்வதற்கு யாரிடமும் கூலி கேட்டதில்லை. என் மிளகாய்க் கூடைகளுக்குப் பக்கத்து இடம் அவளுடையது என்பதால் எல்லாம் என் கண் முன்னால்தான் நடக்கும்.

எங்கள் ஊர்க் கல்லுரல் எரிமலைக் கல்லில் கொத்திய, மூன்று கால் வைத்த கிண்ணம். அதை மடியில் தூக்கி வைத்துக்கொள்வாள். கல்லின் மேல் உள்ள சின்னச் சின்னப் பொத்தல்கள் எல்லாம் ஒரே அளவாக இருந்தால் அப்போதே உதட்டைப் பிதுக்குவாள். அச்சில் ஊற்றிய சிமெண்டுக்குத்தான் அத்தனை ஒழுங்கு வரும். எரிமலைக் கல்லுக்கு வராது. பிறகு ஒரு பிடி அரிசியைப் போட்டு அரைத்து, அந்த மாவை வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பாள். நல்ல கல்லும் முதலில் கொஞ்சம் பொடி உதிர்க்கும். அது வேறு, சிமெண்ட் வேறு என்று அவள் பல்லுக்குத் தெரியும். போலி என்றால் துப்பிவிட்டு, "இதக் கொண்டுபோய்க் கதவுக்கு முட்டுக் குடு" என்பாள்.

கோயில் முனையில் அவள் மகன் லிபோரியோவும் கல்லுரல்தான் விற்றான். முன்பு மலையில் உட்கார்ந்து அவனே கொத்துவான். ஒரு சில்லு தெறித்து இடது கண் போனபிறகு மலைக்குப் போவதில்லை. கல் எங்கிருந்து வருகிறது என்று அவள் கேட்கவில்லை. அவன் கல்லையும் கடித்துப் பார்க்கச் சொன்னால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"என் வீட்டுக் கல்ல நானே கடிச்சுப் பாக்கணுமாக்கும்? பெத்த புள்ளைய ஊரறியச் சந்தேகப்படச் சொல்றியா?"

எங்கள் பக்கத்தில் அது பெரிய அவமானம்தான். அதனால் யாரும் வற்புறுத்தமாட்டோம். எங்கள் ஊர் ஒத்திலியாவும் ஹசின்தாவின் வார்த்தையை நம்பித்தான், தன் மகள் நியேவெஸின் கல்யாணத்துக்கு லிபோரியோவிடம் கல் வாங்கினாள்.

கல்யாணத்துக்கு மறுநாள், பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த கல்லில் புதுப்பெண் மிளகாயும் தக்காளியும் அரைத்துப் புகுந்த வீட்டாருக்குப் பரிமாறவேண்டும். நியேவெஸ் பரிமாறினாள். சோள ரொட்டியை அதில் தொட்டு ஒரு வாய் கடித்த மாமியார் அப்படியே தட்டில் துப்பினாளாம். "வந்த மறுநாளே எங்க வாயில மண்ணப் போட்டுட்டாளே!"

ஒத்திலியா கல்லைத் தூக்கிக்கொண்டு, மகளையும் இழுத்துக்கொண்டு சந்தைக்கு வந்துவிட்டாள். கல்லை ஹசின்தாவின் தக்காளிக்கு நடுவில் தொப்பென்று வைத்தாள். "அக்கா, இதுக்கு இப்ப ஒரு பதில் சொல்லு."

கூட்டம் கூடிவிட்டது. லிபோரியோவும் வந்து நின்றான். ஹசின்தா அரிசியைப் போட்டு அரைத்தாள். வாயில் போட்டாள். மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். அவள் மகனைப் பார்க்கவே இல்லை.

"கல்லு நல்ல கல்லுதான்," என்றாள் வாயை ஒதுக்கிக்கொண்டு. "புதுக் கல்ல அரிசி போட்டு அரைச்சுச் சரியாப் பழக்கல. அவ்வளவுதான்."

அட பாவி என்று எனக்குத் தோன்றியது. ஒத்திலியா வாயைத் திறக்கும் முன் நியேவெஸ் முன்னால் வந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். விரல் முட்டிகளில் தோல் உரிந்து சிவந்து கிடந்தது.

"அரிசியும் உப்பும் போட்டு அரைச்சுக்கிட்டேதான் இருக்கேன் பெரியம்மா. சாம்பல் கலர் வர்றது நிக்கவே மாட்டேங்குது. என் கைராசி சரியில்லன்னு அவங்க சொல்றாங்க. இன்னும் அரைக்கிறேன். எப்படி அரைக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

ஹசின்தா அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு வாயில் இருந்ததைத் தன் உள்ளங்கையில் துப்பி, எல்லாரும் பார்க்க நீட்டினாள். சாம்பல் நிறத்தில் கூழாக இருந்தது.

"சிமெண்டு. உன் கையில ஒரு குத்தமும் இல்ல தாயி. குத்தம் என் வயித்துல பொறந்ததுல. வா, உன் மாமியா வீட்டுக்கு வந்து நானே சொல்றேன்."

சொன்னபடியே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். நியேவெஸுக்கு வேறு நல்ல கல்லும் பார்த்துக் கொடுத்தாள். அதற்குள் லிபோரியோவின் கடையில் கல் வாங்க ஒரு ஆளும் இல்லை. அவன் சாக்குகளைக் கட்டிக்கொண்டு அம்மாவிடம் வந்தான். மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்தேன்.

"ஊருக்கெல்லாம் கடிச்சுப் பாத்தியேம்மா. என் கல்ல ஒரு தடவ, ஒரே ஒரு தடவ கடிச்சுப் பாத்திருந்தா, இந்த சிமெண்டு வேலைய அன்னைக்கே விட்டிருப்பேன்ல?"

சொல்லிவிட்டு வடக்கே போகும் பஸ்ஸில் ஏறிவிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் பின்னாலேயே ஓடி நாலு சாத்து சாத்தியிருப்பேன். ஏமாற்றினவன் அவன், பழி மட்டும் பெற்ற தாய் மேலா? அநியாயம் என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். ஹசின்தாவுக்கு அது ஏறவே இல்லை. அவன் சொன்னதுதான் நியாயம் என்று நம்பிவிட்டாள்.