வெள்ளைப் புள்ளி வைத்த அரணைகள்

எண்பதுகளின் நடுவில், ஒரு ஐப்பசி மாத மழையில் நடந்தது இது. அப்போது நான் விலங்கியல் எம்.எஸ்சி. கடைசி வருஷம். ஆவடியில் ஒரு தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு. அப்பாவுக்கு அந்தத் தொழிற்சாலையில்தான் வேலை. தினமும் ரயிலில் சென்னைக்குப் போய்க் கல்லூரியில் படித்துவிட்டு வருவேன்.

படிப்பை முடிக்க ஒரு ஆய்வு செய்து கொடுக்க வேண்டும். மற்றவர்கள் தவளை, மீன் என்று எடுத்தார்கள். நான் எடுத்தது அரணை. நெமிலிச்சேரிப் பக்கம் ஒரு ஏரி இருந்தது. அதன் நடுவில் ஒரு மேடு. நாலு பனைமரம், கொஞ்சம் முள்செடி, இரண்டு கறையான் புற்று, அவ்வளவுதான். கோடையில்கூட அதைச் சுற்றித் தண்ணீரும் சேறும் நிற்கும் என்பதால் நாயோ கீரியோ அங்கே போவதில்லை. அந்த மேட்டில் அரணைகள் இருந்தன. கரையில் இருக்கிற அரணை நம் நிழல் பட்டாலே சருகுக்குள் ஓடிவிடும். இவை ஓடாது. நான் உட்கார்ந்திருந்தால் என் செருப்பின் மேல் ஏறி வெயில் காயும். உடம்பும் கரை அரணையைவிடப் பெரிசு, நிறமும் கொஞ்சம் வெளுப்பு. பல தலைமுறையாக வெளியே போகாமல் அந்தத் திட்டிலேயே பிறந்து வளர்ந்தவையாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு தீவின் உயிர் நம்ம ஊர் ஏரிக்குள்ளேயே இருக்கிறது என்பதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

மேட்டுக்கு என்னைக் கூட்டிப்போனவர் ஏரிக்கரை ஊர்க்காரர் ஒருவர். வயது முப்பது இருக்கும். அவர்கள் குடும்பம் விவசாயக் குடும்பம்தான். நிலம் போன பிறகு பாடியில் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். வேலை இல்லாத நாளில் ஏரியில் மீன் பிடிப்பார். லாரி டியூப் மேல் பலகை கட்டி வைத்திருந்தார், அதுதான் எங்கள் படகு.

"இன்னாமா, போயும் போயும் அரணையப் பாக்கவா தண்ணில வர்றே?" என்று முதல் நாள் கேட்டார். அவருக்கு அரணை என்றால் பயம். அது கடித்தால் ஆள் பிழைக்காது என்று எல்லோரும் நம்புகிற மாதிரி அவரும் நம்பினார். நான் ஒன்றைப் பிடித்து என் விரலைக் கடிக்க விட்டுக் காட்டினேன். அவர் அன்று முழுக்க என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், எப்போது மயங்கி விழுவேன் என்று. மறுநாளும் நான் வந்து நின்றதும் சிரித்துவிட்டார். அதிலிருந்து நான் சொல்வது எல்லாவற்றையும் நம்பினார்.

ஆறு மாதத்தில் நாற்பத்தொரு அரணைகளை எண்ணியிருந்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. விடாமல் பெய்தது. ஏரிக்கரையில் ஒரு கல்லில் கோடு போட்டு தினமும் தண்ணீர் மட்டத்தைக் குறித்துவந்தேன். ஒரு நாளைக்கு ஒரு சாண் ஏறியது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் மூன்று நாளில் மேடு முழுகிவிடும். எனக்குத் தூக்கம் வரவில்லை. அவரிடம் போய், எல்லாவற்றையும் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்துவிடலாம், தண்ணீர் வடிந்ததும் திரும்ப விட்டுவிடலாம் என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "கலங்கல் கீதும்மா. தண்ணி அதுக்கு மேல ஏறாது. வயிஞ்சி அந்தாண்ட போயிடும்" என்றார்.

ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிந்து போகக் கட்டியிருக்கிற தாழ்வான கல்சுவர்தான் கலங்கல். நான் அதைப் போய்ப் பார்த்ததுகூட இல்லை. "இந்த மழைக்குக் கலங்கல் எல்லாம் தாங்காதுண்ணா. நான் அளந்து பார்த்திருக்கேன்" என்றேன்.

"செரி. நீ படிச்ச பொண்ணு. நீ சொன்னா கரெக்டாத்தான் இருக்கும்" என்று டியூபை எடுத்தார்.

குளிரில் அரணைகள் விறைத்துப்போய் பனை மட்டைக்கு அடியிலும் புற்றின் ஓரத்திலும் கிடந்தன. கையால் எடுக்க வேண்டியதுதான். அவரும் எடுத்தார். அத்தனை வருஷம் பயந்த கையால் ஒவ்வொன்றாக எடுத்து, நோகாமல் பானைக்குள் விட்டார். முப்பத்து நாலு கிடைத்தன. நாலு பானைகளில் போட்டுத் துணி கட்டினோம். கரைக்கு வந்ததும் ஒவ்வொன்றின் முதுகிலும் சைக்கிளுக்கு அடிக்கிற வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்தேன். குவார்ட்டர்ஸிலும் அரணைகள் உண்டு, ஏதாவது தப்பி ஓடினால் திரும்பப் பிடிக்கும்போது அவற்றோடு இவை கலந்துபோய்விடக் கூடாது என்று.

வீட்டுக்குக் கொண்டுவந்த பானைகளைப் பார்த்து அப்பா முகம் சுளித்தார். ஆனால் என் படிப்பு என்றால் அவர் எதற்கும் மறுப்புச் சொல்ல மாட்டார். "தண்ணி வடிஞ்சதும் கொண்டுபோய் விட்டுடணும், யார்கிட்டயும் சொல்லாதே" என்றார். மறுநாள் பார்த்தால் பானை நெருக்கத்தில் இரண்டு செத்துக் கிடந்தன. பயந்துபோய் மிச்சத்தையெல்லாம் எங்கள் பிளாக்குக்குப் பின்னால், உடைந்த காம்பவுண்டு சுவரின் கல்குவியலில் விட்டேன். மழையும் குளிரும் இருக்கிற வரைக்கும் அங்கேயே அடங்கிக் கிடக்கும் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் வெயில் வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு அக்கா திருநெல்வேலிக்காரர். அவருக்கு ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குழந்தையை உட்கார வைத்திருந்தார். திரும்பிப் பார்த்தபோது குழந்தை ஒரு அரணையை இரண்டு கையாலும் பிடித்து வாய்க்கு அருகில் கொண்டுபோயிருந்தது. என் அரணைகளுக்குத்தான் மனிதர் என்றால் ஓடத் தெரியாதே. அக்கா அலறிய அலறலில் மொத்த பிளாக்கும் வெளியே வந்துவிட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ஆனால் அவர்கள் திரும்பி வருவதற்குள் இன்னும் நாலைந்து வாசற்படியில் அரணைகளைப் பார்த்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆனதால் ஆண்கள் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். தடி, விளக்குமாறு, வெந்நீர் என்று ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள். நான் ஓடிப்போய், "இதுக்கு விஷம் இல்லக்கா" என்றேன்.

அக்கா குழந்தையை இடுப்பில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "விஷம் இல்லன்னு நீ சொல்லுத. எம்புள்ளைக்கு ஒண்ணு ஆயிருந்தா உன் புஸ்தகமா வந்து நிக்கும்?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. குழந்தையின் உள்ளங்கையை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அப்போது அவர் கணவர் செத்த அரணை ஒன்றைக் குச்சியால் புரட்டினார். "எல்லாரும் இங்க பாருங்க. முதுகுல வெள்ளையாப் புள்ளி. இது வேற ஜாதி. நம்ம இடத்துல இதுவரைக்கும் பாத்ததே இல்ல. இதுதான் கொடிய விஷம்" என்றார்.

அதற்குப் பிறகு எல்லோரும் புள்ளியைத்தான் தேடினார்கள். புள்ளி இல்லாத ஒன்று கல்லிடுக்கிலிருந்து வந்தபோது, "இது சாதாரணம், விடு" என்று ஒருவர் ஓரமாகத் தள்ளிவிட்டார். அது ஓடிப் பிழைத்துக்கொண்டது. புள்ளி வைத்தது நான்தான், கொண்டுவந்து விட்டதும் நான்தான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அப்பா பின்னாலிருந்து என் தோளைத் தொட்டார். "பேசாம உள்ள போ" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. இத்தனை பேர் நடுவில் அவர் எப்படி இனிமேல் குடியிருப்பார் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். உள்ளே போய்விட்டேன்.

குழாயடியில் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவதற்கு முன்னால் ஜன்னல் வழியாக எண்ணினேன். இருபத்தொன்பது. சாயங்காலம் கல்குவியலைக் கிளறியபோது வால் அறுந்த ஒன்று உயிரோடு கிடைத்தது. அதை மேட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று மறுநாள் ஏரிக்கு ஓடினேன். டியூப் படகு வைத்திருந்த அண்ணன் பாடிக்கு வேலைக்குப் போயிருந்தார். கரைமேல் ஏறிப் பார்த்தேன். கலங்கலில் தண்ணீர் சத்தத்தோடு வழிந்துகொண்டிருந்தது. ஏரி மட்டம் ஒரு விரல்கூட அதற்கு மேல் ஏறவில்லை. மேட்டில் பாதிக்கு மேல் அப்படியே வெளியே இருந்தது. பனைமரத்தடியை ஏரித் தண்ணீர் தொடவே இல்லை. அங்கே அவை நிம்மதியாக இருந்திருக்கும். யாரும் தொடாமல் விட்டிருந்தால் போதும்.

கையிலிருந்த அரணை அன்று மதியமே செத்துப்போனது.

நாற்பத்தொன்றில் ஏழு மேட்டிலேயே தங்கிவிட்டன அல்லவா, அதில் ஒரு நம்பிக்கை வைத்திருந்தேன். கோடையில் சேற்றில் இறங்கி நடந்தே போய் நாலு நாள் உட்கார்ந்தேன். ஒன்றைப் பார்த்தேன். அதற்கடுத்த கோடையில் ஒன்றையும் பார்க்கவில்லை.

ஆய்வேட்டில், 'வெள்ள அபாயம் காரணமாக முப்பத்து நாலு அரணைகள் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றப்பட்டன' என்று எழுதினேன். அதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. முதல் வகுப்பில் தேறினேன். பாராட்டு விழாவில் அந்த வரியைக் குறிப்பிட்டுக் கைதட்டினார்கள். அப்பா அன்று வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவர் சாகும்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

தொண்ணூறுகளில் பூந்தமல்லியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தேன். ஒரு நாள் ஆவடியில் பஸ் ஏறினால், முன் சீட்டில் அந்த ஏரிக்கரை அண்ணன், மனைவியோடு. தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். அந்த மழைக்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவே போகவில்லை. வேண்டுமென்றே, அவர் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் ஏரிக்குப் போவேன்.

"ஏரில மெஷின் வுட்டு மண்ணு எடுத்துட்டாங்கமா. அந்த மேடே இல்ல இப்போ. லாரி லாரியா அள்ளிக்கினு போயி பிளாட்டுக்குக் கொட்டிட்டாங்க" என்றார். பிறகு மனைவியிடம் திரும்பினார். "நா சொல்வேனே, இவுங்கதான். முப்பத்தி நாலு. இந்தக் கையாலதான் புட்ச்சேன். அன்னிக்கே எடுத்துகினு போனதால பொயச்சிது. இல்லன்னா மெஷின்ல மாட்டி அத்தினியும் போயிருக்கும்."

அவர் மனைவி என்னைப் பார்த்துக் கை கூப்பினார்.

"நல்லா கீதாமா அதுங்க? இன்னேரம் பெருகியிருக்கும்ல?" என்று அண்ணன் கேட்டார்.

"நல்லா இருக்குண்ணா" என்றேன்.

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். திருவேற்காடு போக வேண்டும் என்று வழியில் இறங்கிக்கொண்டார்கள். இறங்கிய பிறகும் கீழே நின்று கையசைத்தார். நான் பூந்தமல்லியில் இறங்காமல் கடைசி ஸ்டாப் வரைக்கும் போய்விட்டேன். அன்று பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டேன்.

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இப்போதுதான் எழுதுகிறேன். நல்லது நினைத்துத்தானே செய்தீர்கள் என்று நீங்கள் எனக்கு ஆறுதல் சொல்லலாம்; ஆனால் தெரியாமல் அந்த உயிர்களைத் தூக்கி வந்ததற்கு வேண்டுமானால் மன்னிப்பு இருக்கும், தெரிந்தே வாயை மூடிக்கொண்டதற்கும் அந்த நல்ல மனிதரிடம் பொய் சொன்னதற்கும் எங்கே போய் மன்னிப்புக் கேட்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.