களத்தில் காயவைத்த கண்ணாடிகள்

செம்பட்டிக்குத் தெற்கே எங்கள் வெங்காயக் காட்டில் ஒருநாள் காலை பெரிய பலூன் ஒன்று கிழிந்து விழுந்தது. அதில் கட்டியிருந்த பெட்டி வாய்க்கால் தண்ணீரில் கிடந்தது. மேலே ஒட்டியிருந்த தாள் சேற்றில் ஊறி எழுத்து அழிந்துவிட்டது. உள்ளே, கறுப்புத் தாளில் சுற்றிய கண்ணாடித் தகடுகள். தாள் நனைந்து சொதசொதவென்று இருந்தது. யார் பொருளோ, வீணாகிவிடக் கூடாதே என்று பிரித்து, புகையிலை உலர்த்தும் களத்தில் ஒவ்வொன்றாகப் பரப்பினேன். மதியம் காய்ந்ததும் முன்போலவே சுற்றி அடுக்கிவிட்டேன்.

சாயங்காலம் பெட்டியைத் தேடி ஜீப்பில் ஒரு ஆராய்ச்சிக்காரர் வந்தார். எனக்குப் புது ஆளிடம் பேச்சு வராது. என் மனைவிதான் அது என்னவென்று கேட்டாள்.

"வானத்துலேர்ந்து கண்ணுக்குத் தெரியாத துகள் வந்துக்கிட்டே இருக்கும்மா. இந்தக் கண்ணாடியில பூசியிருக்கற மருந்துல மோதி உடையும். உடைஞ்ச துண்டெல்லாம் கோடு போட்டுட்டு ஓடும். இன்ன மாதிரி துகள் இருக்கணும்னு சிலபேர் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்காங்க. அதோட கோடு கிடைச்சா அவங்க சொன்னது சரி. எம்புட்டுத் தேடியும் கிடைக்கலைன்னா கணக்கைத்தான் மாத்தணும். வெளிநாட்டுல மெஷின் கட்டி மோத விடுறாங்க. நமக்கு வானமே மோத விடுது."

சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "வெளிச்சம் பட்டா எல்லாம் கறுத்துடும். நீங்க பிரிக்கலையே?"

"இல்லைங்கய்யா."

கிழிந்து கிடந்த பலூனின் பிளாஸ்டிக் தாளை எங்களையே வைத்துக்கொள்ளச் சொன்னார். தன் விலாசத்தைக் கொடுத்து, எங்கள் விலாசத்தையும் குறித்துக்கொண்டு போனார்.

"பேச வாய் வராத மனுசன், பொய்ய மட்டும் பட்டுன்னு சொல்லிப்புட்டீக!" என்றாள் மனைவி.

ஒரு மாதத்தில் கார்டு வந்தது. தகடுகள் முழுவதும் கறுத்துவிட்டனவாம். பெட்டி கட்டியவர் சரியாக மூடவில்லை என்று அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்களாம். பத்திரமாகப் பாதுகாத்ததற்கு எனக்கு நன்றியும் எழுதியிருந்தார்.

அன்றே கார்டு வாங்கினேன். பிரித்தது நான்தான் என்று எழுத ஐந்தாவது படிப்பு தாராளமாகப் போதும். ஆனாலும் வெங்காயம் பிடுங்கி முடிந்த பிறகுதான் எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை. முகம் தெரியாத அந்த மனிதருக்கு வேலை திரும்பக் கிடைத்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த வருடம் விடாத மழை. சுற்றிலும் மற்ற காடுகளில் ஓலை வேய்ந்த பட்டறையில் சேர்த்து வைத்த வெங்காயம் அழுகியது. எங்களுடையதைப் பலூன் தாள் போட்டு மூடியிருந்தோம்.

"ஒமக்கு வானமே கூரை போட்டுக் குடுத்துருச்சேய்யா!" என்றார் பக்கத்துக் காட்டுக்காரர்.

நான் தாளின் ஓரத்தில் கல் எடுத்து வைப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.