புல்லுக்கும் ஒரு கெடு

சிசிலித் தீவின் பகேரியாவில் புல்லுக்கும் கெடு உண்டு. வெயில் ஏறுமுன் காணிக்காரர் தத்தம் நிலத்துப் புல்லையும் முட்செடிகளையும் வெட்டி அகற்றிவிட வேண்டும் என்று ஆண்டுதோறும் நகரசபை கட்டளை போடும். வெட்டாவிட்டால் தண்டம். பலெர்மோவில் பதினாறு வருடம் சிஞ்ஞோரா என்று நான் கூப்பிட்ட ஓர் இத்தாலிய அம்மாவின் நான்காம் மாடி வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்த எனக்கு இது தெரியாது. அங்கே மண் என்று இருந்தது இரண்டு பூச்சாடிகளில் மட்டும்தான்.

நானும் கணவர் யோகனும் இங்கே வீடு வாங்கிய முதல் வசந்தத்தில், வளவெங்கும் இடுப்பளவு புல் மஞ்சள் பூவோடு நின்றது. அழகாக இருந்ததால் விட்டிருந்தேன். ஒருநாள் பக்கத்து வீட்டுக் கிழவர் சல்வத்தோரே வேலியருகே வந்து, கையை வீசி, சிசிலிய மொழியில் சத்தம் போட்டார். எனக்குப் பிடிபட்டது ஒரே ஒரு சொல். "வியா! வியா!" போ, போ. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் ஒலிபெருக்கி வைத்து எங்களை வீடுகளிலிருந்து எழுப்பிய மாலை நினைவுக்கு வந்தது. அன்று அடுப்பில் சோறு பாதி வெந்திருந்தது; அப்படியே விட்டு நடந்தோம். வேலியை விட்டு உள்ளே ஓடிவந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வேலையால் வந்த யோகன் அவரிடம் போய்க் கதைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு திரும்பினார்.

"உம்மைப் போகச் சொல்லேல்லை. புல்லைத்தான் சொல்லுறார். காஞ்சால் நெருப்புப் பிடிக்குமாம்."

அந்த ஞாயிறே சல்வத்தோரேயிடம் இயந்திரம் இரவல் வாங்கி ஒட்ட வெட்டினோம். பின்காணி மட்டும் அப்படியே நின்றது. அதன் சொந்தக்காரர் ஜெர்மனியில் வேலை செய்பவர். ஓகஸ்டில் மட்டும் வருவாராம்.

யூலையில் சிரோக்கோ என்ற வெக்கைக் காற்று அடித்த ஒரு மதியம் அந்தக் காணி பற்றிக்கொண்டது. நானும் சல்வத்தோரேயும் ஆளுக்கொரு தண்ணீர்க் குழாயோடு நின்றோம். நெருப்பு எங்கள் எல்லை வரை வந்தது. தின்ன ஒன்றும் கிடைக்காமல் அங்கேயே அடங்கியது. தீயணைப்பு வண்டி வந்தபோது என் செருப்பு உருகியிருந்தது.

ஓகஸ்டில் அந்த மனிதர் வந்தார். தண்டக் கடிதத்தைக் கையில் வைத்தபடி சாம்பலுக்குள் நின்று, "எனக்கு ஒருவருமே சொல்லவில்லையே" என்றார். சல்வத்தோரே முகம் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டை எரிக்கப் பார்த்த காணிக்காரர்; எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை; தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். யாழ்ப்பாணத்தில், ஊரில், என் பெயரிலும் ஒரு காணி கிடக்கிறது. பற்றை மண்டி டெங்கு நுளம்பு பெருகுகிறது, வெட்டுங்கள் என்று பிரதேச சபை அதன் படலையில் ஒட்டிய நோட்டீசின் படம் இரண்டு மாதமாக என் கைபேசியில் கிடந்தது. எனக்கு எல்லோரும் சொல்லியிருந்தார்கள்.

மறுநாளே ஊரில் கூலிவேலை செய்யும் தேவனைத் தொலைபேசியில் பிடித்தேன். கத்தியோடு பற்றைக்குள் இறங்கி, வீடியோவில் கூப்பிட்டான்.

"அக்கா, எதுவரைக்கும் உங்கடை காணி? வேலியைக் காணேல்லை."

நான் வளவில் நின்றபடி கையை நீட்டினேன். "அந்தா, அந்தச் சுவர் வரைக்கும்."

அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"இஞ்சை சுவர் ஒண்டும் இல்லையே அக்கா. எங்கை காட்டுறியள்?"

என் விரல் நீண்டிருந்தது, சல்வத்தோரே வீட்டுச் சுவரை நோக்கி.