இடப்பக்கத்து சீட்

எனக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது. சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாது, சிலருக்குத் தூசி ஆகாது; எனக்கு நாலு சக்கரத்தில் ஓடும் எதுவும் ஆகாது. கல்யாணமான புதிதில் கோயம்புத்தூரிலிருந்து ஊட்டிக்குப் போனோம். குன்னூர் வருவதற்குள் புதுமாப்பிள்ளை சாலையோரத்தில் என் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் தேனிலவு குன்னூரோடு முடிந்தது என்று இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். நானும் கூடச் சிரிப்பேன். வேறு என்ன செய்வது?

பிழைப்புக்கு வந்து சேர்ந்த ஊரோ புனே. எந்தப் பக்கம் புறப்பட்டாலும் ஒரு மணி நேரத்தில் மலை வந்துவிடும். மழைக்காலத்துச் சனிக்கிழமைகளில் ஔந்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககமே காலி. பிளாஸ்க்கும் பிள்ளைகளுமாகக் கிளம்புகிறவர்களுக்கு நாங்கள் பால்கனியிலிருந்து கையாட்டுவோம். எலுமிச்சம்பழம், இஞ்சி மரப்பா, பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மா கொடுத்த ஆவ்ளா சுபாரி என்கிற நெல்லி வற்றல் என்று எல்லா வைத்தியமும் பார்த்தாயிற்று. மாத்திரை போட்டால் வாந்தி நிற்கும், ஆனால் நாள் முழுக்கத் தூங்கிவிடுவேன். மகாபலேஷ்வரில் நான் பார்த்தது லாட்ஜ் அறையின் கூரையை மட்டும்தான்.

குற்றம் எங்கள் பழைய சின்ன காரின் மேல்தான் என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் தீர்ப்புச் சொன்னார்.

"தரையோட தரையா ஒக்காந்து போறே, அதான் கொமட்டுது. ஒசக்க ஒக்காந்து தூரமாப் பாத்துட்டுப் போனா ஒண்ணும் ஆவாது பாரு."

அதற்கப்புறம் வீட்டில் எஸ்யூவி பேச்சைத் தவிர வேறு பேச்சு இல்லை. மென்பொருள் வேலையில் இருக்கிறவர், ஒரு பொருளை வாங்குவதென்றால் அதைப் பற்றி உலகத்தில் உள்ள வீடியோ அத்தனையும் பார்த்தாக வேண்டும். கடைசியில் ஷோரூம்காரர் எங்களைப் பாணேர் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்க்க அழைத்துப் போனார். கைப்பையில் பாலிதீன் கவரோடு ஏறியவள் சிரித்த முகமாக இறங்கினேன். அந்த நேர்சாலையில் மாட்டுவண்டியில் போயிருந்தாலும் அப்படித்தான் இறங்கியிருப்பேன், ஆனால் அவர் அன்றைக்கே முன்பதிவு செய்துவிட்டார்.

வெள்ளை நிறம், கிளட்ச் இல்லாத வண்டி, மகளுடைய பிடிவாதத்துக்காகக் கூரையில் ஒரு ஜன்னல். முதல் பயணம் முல்ஷி ஏரிக்கு. உயரமான வண்டி வளைவுக்கு வளைவு கூடுதலாக ஆடும் என்பதை எந்த வீடியோவும் அவருக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. பவுட் ஊரைத் தாண்டியதும் எனக்கு வாயில் உப்புத்தண்ணீர் ஊறியது. பின்சீட்டில் இருந்த மகள் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே என் தோளுக்கு மேல் ஒரு கவரை நீட்டினாள். சின்ன வயதிலிருந்தே அது அவள் வேலை. பள்ளிக்கூடப் பையின் பக்கவாட்டுப் பையில் எனக்காக எப்போதும் ஒரு கவர் மடித்து வைத்திருப்பாள்.

பாதியில் திரும்பி வந்தோம். புது வண்டியின் மிதியடியைக் கீழ்த்தளக் குழாயில் அவரே கழுவிக் காயப்போட்டார். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. சுளித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அதன்பிறகு மலையேறுவதற்கென்று செய்த வண்டி ஔந்த் காய்கறிச் சந்தையிலிருந்து கொத்தமல்லியும் வெங்காயமும் சுமந்தது. அவருக்கு ஹிஞ்சேவாடிக்குக் கம்பெனி கேப் வரும். நான் கணக்கு டீச்சர். என் பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டியே போதும். வண்டி வாரம் முழுக்கக் கீழ்த்தளத்தில் தூசி தின்றுகொண்டு நிற்கும். குறை சொல்லக் கூடாது, நல்ல வண்டிதான். மழைத்தண்ணீர் தேங்கிய சாலையில் சின்ன கார்கள் தயங்கி நிற்க, எங்களுடையது தன் பாட்டுக்குப் போகும். பள்ளம் விழுந்த சாலையில் இடுப்பு பிழைத்தது.

போன மழைக்காலத்தில் மகளுக்குக் கொங்கணத்தில் தோட்டக்கலை படிக்க இடம் கிடைத்தது. மாந்தோப்புகளுக்கு நடுவே கல்லூரி, அங்கேயே ஹாஸ்டல். போக வேண்டிய வழி தாம்ஹிணி காட். அந்த மலைப்பாதையின் பெயரைக் கேட்டாலே எனக்குக் குமட்டும்.

"நீ வூட்லயே இரு. நானும் புள்ளையும் போயிச் சேத்திட்டு வந்தர்றோம். நீ வீடியோ கால்ல பாத்துக்க" என்றார் அவர். என் நன்மைக்காகத்தான் சொன்னார். நான் சமையலறைக்குப் போய்க் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். மாத்திரை போட்டுக்கொண்டு போனாலும் பெண்ணைக் கொண்டுபோய்விடும் நாளில் பின்சீட்டில் மூட்டையோடு மூட்டையாகத் தூங்கிக்கொண்டிருப்பேன். இந்த ஒருநாள் மட்டுமா? அவளுக்குக் காய்ச்சல் என்றால் போக முடியாது. சும்மா பார்க்க வேண்டும் போலிருந்தால் போக முடியாது. படிப்பு முடிகிறவரை நான் போனில் தெரியும் அம்மாவாகவே இருந்துவிட வேண்டியதுதான். நினைத்தபோது அழுகை வந்தது, அழுதேன்.

இரண்டு நாள் கழித்துச் சாப்பிட உட்கார்ந்தபோது, புனேயில் வளர்ந்த மகள் தன் பாதி இந்தித் தமிழில் கேட்டாள்.

"ம்மா, ஸ்கூட்டில உனக்கு கபீ ஒண்ணும் ஆனது இல்லல்ல? ஹேண்டில் உன் கைல இருக்கு, அதனாலயா?"

நான் தோசையைப் பிய்த்தபடி யோசித்தேன். உண்மைதான். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் இருக்கும் வேகத்தடைகளுக்கு எனக்குக் குடல் வாய்க்கு வந்திருக்க வேண்டும், ஒருநாளும் வந்ததில்லை.

"தோ, காடீ நீ ஓட்டு" என்றாள் மகள்.

"அது பெரிய வண்டி கண்ணு. ஒங்கம்மாளால ஆவாது" என்றார் அவர்.

அந்த ஒரு வார்த்தை போதாதா எனக்கு? என்னிடம் லைசென்ஸ் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் எடுத்தது. புதுப்பித்துப் புதுப்பித்து விமான நிலையத்தில் முகத்தைக் காட்ட மட்டும் வைத்திருந்தேன். மறுநாள் விடிந்ததும் சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரையும் எழுப்பினேன்.

சீட்டை முன்னால் இழுத்து, மேலே ஏற்றி, அதற்கும் மேல் ஒரு தலையணை போட்டு உட்கார்ந்தால்தான் எனக்குச் சாலை தெரிந்தது. பாஷாண் பக்கம் காலைக் கூட்டம் வருமுன் பழகினோம். இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் தம் வலதுகாலால் தரையை மிதித்துக்கொண்டே வந்தார். அங்கே பிரேக் இல்லீங்க என்று எத்தனை தரம் சொன்னாலும் அந்தக் கால் கேட்கவில்லை. கீழ்த்தளத்துத் தூணில் ஒருநாள் நன்றாக உரசிவிட்டேன். கதவில் தூணின் மஞ்சள் பெயிண்ட் நீளமாக ஒட்டிக்கொண்டது. அவர் குனிந்து கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். "செரி உடு. வண்டின்னா இருக்கறதுதான்" என்றார். நான் ஓட்டிய பிறகு அவர் ஏறினால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். முனகிக்கொண்டே சீட்டைப் பின்னுக்குத் தள்ளுவார். அடுத்த நாள் நான் முன்னுக்கு இழுப்பேன். சின்னச் சின்ன மேடுகளில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மேட்டில் ஆகாதது மலையிலும் ஆகாது என்று யார் சொல்ல முடியும்?

மெத்தை, வாளி, தலையணை எல்லாம் ஏற்றிக்கொண்டு கூட்டமில்லாத ஒரு புதன்கிழமை காலையில் கிளம்பினோம். எனக்கும் அவருக்கும் ஓர் ஒப்பந்தம்: வயிறு புரட்டினால் நான் ஓரங்கட்ட வேண்டும், மாத்திரை போட்டுக்கொண்டு இடப்பக்கம் மாறி உட்கார வேண்டும். நானும் ஒப்புக்கொண்டிருந்தேன்.

பவுட் தாண்டியது. ஏரி தாண்டியது. மலைப்பாதையில் பனிமூட்டம், பாறைகளிலிருந்து சாலையோரம் வரை அருவிகள். மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு சிவப்பு அரசு பஸ் திடீரென்று முளைத்து வந்தது. ஒதுங்கி வழிவிட்டு மறுபடி நகர்ந்தேன். வளைவுக்கு வளைவு என் வயிற்றைக் கவனித்தபடியே ஓட்டினேன். வாயில் உப்புத்தண்ணீர் ஊறவில்லை. வளைவு வருமுன்பே கை திரும்பியது, கையோடு உடம்பும் திரும்பியது. இத்தனை வருஷமாக என்னைப் பாடாய்ப் படுத்திய மலை இவ்வளவு பச்சை என்று எனக்குத் தெரியவே தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், பக்கத்தில் சத்தமே இல்லை.

"ஏனுங்க, பேச்சையே காணமுங்க?"

"ஒண்ணுமில்ல. அந்த ஜன்னலக் கொஞ்சம் எறக்கு."

பின்சீட்டிலிருந்து ஒரு கை நீண்டது. பழக்கதோஷத்தில் இடப்பக்கத்து சீட்டுக்கு மேல் கவரை நீட்டிய மகள், அங்கே இருக்கும் தலையைப் பார்த்து, "அரே! அப்பா!" என்று கத்தினாள்.

வண்டியை ஓரங்கட்டி இறங்கினேன். மழையில் நனைந்தபடி அவர் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்தவர் வாயைத் துடைத்துக்கொண்டு, "குன்னூருக்கு இப்பத்தான் கணக்கு நேராச்சு" என்றார். மூவரும் சிரித்த சிரிப்பில் தாண்டிப்போன வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் உள்ளுக்குள் ஒரே துள்ளல், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஹாஸ்டலில் மகளின் கட்டிலுக்கு நானே விரிப்பு போட்டேன். ஜன்னலைத் திறந்தால் மழை சொட்டும் மாமரம். திரும்பும்போதும் நான்தான் ஓட்டினேன். அவர் மாத்திரை போட்டுக்கொண்டு ஔந்த் வரும்வரை தூங்கினார்.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் மகளுக்குக் காய்ச்சல் வந்து தேறியிருந்தது. மெஸ் சாப்பாட்டை நாக்கில் வைக்க முடியவில்லை என்று போனில் முனகினாள். அவருக்கு அலுவலகத்தில் நகர முடியாத வேலை; எனக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை. அரிசிம்பருப்பு சாதம் செய்து, நெய்யும் அப்பளமும் தனியாகக் கட்டிக்கொண்டு, அவளிடம் ஒன்றும் சொல்லாமல் கிளம்பினேன்.

ஹாஸ்டல் வாசலில் நின்று போன் செய்தேன். ஓடி வந்தவள் இடப்பக்கத்து சீட்டைப் பார்த்தாள், பின்சீட்டைப் பார்த்தாள்.

"அப்பா எங்க?"

"ஆபீஸ்ல."

"தோ, நீ... அகேலி, தனியா வந்தியா? காட் வழியா?"

"பறந்தா வந்தேன்?"

தூறல் விழுந்தது. வண்டியின் பின்கதவைத் தூக்கிவிட்டு, அதையே கூரையாக வைத்துக்கொண்டு, சாமான் வைக்கும் இடத்தில் இரண்டு பேரும் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தோம். டிபன் டப்பாவைச் சுரண்டிச் சுரண்டிச் சாப்பிட்டாள். வகுப்பைப் பற்றி, அறைத் தோழியைப் பற்றி, அவள் ஒட்டுக்கட்டிய மாங்கன்றைப் பற்றி வாய் ஓயாமல் சொன்னாள். இருட்டுவதற்குள் மலையைத் தாண்ட வேண்டும் என்று நான்தான் எழுந்தேன்.

கண்ணாடியை இறக்கி டாட்டா சொன்னபோது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"மறுபடி எப்ப வருவ?"

குன்னூரிலிருந்து இன்றுவரை என்னிடம் எல்லோரும் கேட்டது "உன்னால வர முடியுமா?" என்பதுதான். எப்போது வருவாய் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கண் நிறைந்துவிட்டது எனக்கு. வைப்பரைப் போட்டால் தெளிகிற ஈரமா அது?

"நீ எப்பக் கூப்புடறயோ அப்ப வர்றேன் கண்ணு" என்றேன்.